நந்தி மலை ஏறினால் 65 பைசா

'வேலையும் ஆற்றலும்' பாடத்தில் குடும்பத் தலைவர்கள் தலையிட வேண்டாம் என்று பள்ளிக்கூடங்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் புண்ணியமாகப் போகும். கன்னட இலக்கணத்தில் சந்தேகம் என்று மகள் வந்தால் 'அம்மாவைக் கேள்' என்று கைகாட்டிவிட்டுத் தப்பித்துவிடுவேன். அவளுக்கும் தெரியாது என்பது வேறு விஷயம். ஆனால் விசை, வேலை, ஆற்றல் என்ற சொற்கள் காதில் விழுந்ததும் நானே வலியப் போய் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டேன். என்ன இருந்தாலும் அந்தப் பாடத்தில் உதாரணமாகவே இருந்தவன் நான்.

பெங்களூரு ஹலசூரில் படித்த காலத்தில், ஹோம்வொர்க் எழுதாத குற்றத்துக்காக ஒரு வாத்தியார் என்னைப் பெஞ்சின் மேல் ஏற்றிப் புத்தகப் பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னார். பீரியட் முடியும் வரை பிடித்துக்கொண்டு நின்றேன். மணி அடிப்பதற்குச் சற்று முன்பு அவர் வகுப்பைப் பார்த்து, "இவன் இவ்வளவு நேரம் எவ்வளவு வேலை செஞ்சிருக்கான்?" என்று கேட்டார். ஆளுக்கொன்று சொன்னார்கள். அவர் போர்டில் விசை பெருக்கல் இடப்பெயர்ச்சி என்று எழுதினார். விசை இருக்கிறது, பை நகரவில்லை, ஆகவே விடை பூஜ்யம். "வழக்கம்போல" என்று சேர்த்துக்கொண்டார். வகுப்பு சிரித்தது. பெஞ்சில் ஏறியபோது என் உடம்பையும் பையையும் அரை மீட்டர் உயர்த்தினேனே, அது வேலை இல்லையா சார் என்று நான் கேட்டிருக்கலாம். அந்தப் பதில் எனக்குத் தோன்றியது பல வருஷம் கழித்து, மாரத்தஹள்ளியில் டிராஃபிக்கில் நின்றுகொண்டிருந்தபோது.

பட்ட அவமானத்தை யாரிடமாவது தள்ளிவிட வேண்டுமல்லவா? அந்தக் கோடை விடுமுறைக்குக் கோலார் தங்க வயலில் ஆயா வீட்டுக்குப் போனேன். தாத்தா சாம்பியன் ரீஃபில் மைன்ஸ் வேலை. லைன் வீடு. தெருக்குழாயிலிருந்து ஆயா தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாகத் தண்ணீர் எடுத்துவந்தாள். நான் திண்ணையில் உட்கார்ந்தபடி சொன்னேன்: "ஆயா, சமதரையில சொமந்துகினு நடந்தா அது வேலையே கெடையாது. நீ குடத்த மேல தாங்கினு இருக்க, ஆனா போறது பக்கவாட்டுல. ரெண்டுக்கும் நடுவுல தொண்ணூறு டிகிரி. அதனால வேல சைபரு."

ஆயா குடங்களை இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உங்க வாத்தியார இங்க ஒருநாள் வரச் சொல்லு. நாலு நட தண்ணி எட்தாந்து ஊத்தட்டும். அப்பால சைபரு எம்மாம் பெருசுன்னு அவரே சொல்லட்டும்" என்றாள். அன்று மத்தியானம் என் தட்டில் களி மட்டும் விழுந்தது. குழம்பு எங்கே என்று கேட்டதற்கு, "நான்தான் ஒரு வேலையும் செய்லியே, கொழம்பு எப்டி வரும்?" என்றாள்.

நான் கொஞ்சம் விவரமானவனாக இருந்திருந்தால் அவளைக் குளிரவைக்கிற மாதிரி அதே பாடத்தை வேறு பக்கத்திலிருந்து சொல்லியிருப்பேன். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம். உலகத்திலேயே ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக இருந்தது. அந்த அடியிலிருந்து ஒரு டன் பாறையை மேலே கொண்டுவரப் புவியீர்ப்புக்கு எதிராகச் செய்ய வேண்டிய வேலை ஏறத்தாழ 3 கோடி ஜூல், அதாவது எட்டு யூனிட் மின்சாரத்துக்குச் சற்று மேலே. இழப்புகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்தச் சுரங்கங்களின் யந்திரங்களை ஓட்டத்தான் 1902-ல் சிவனசமுத்திரத்தில் காவிரி விழும் இடத்தில் மின்நிலையம் கட்டி, 147 கிலோமீட்டர் கம்பி இழுத்தார்கள். அன்றைக்கு உலகின் மிக நீளமான மின்தடங்களில் அது ஒன்று. அதற்காகப் பாடுபட்ட மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் முந்தைய ஆண்டே காலமாகிவிட்டதால் அந்த மின்சாரம் ஓடியதைப் பார்க்கவில்லை. பெங்களூரு நகரத் தெருவுக்கு மின்விளக்கு வந்தது 1905-ல். தங்கத்துக்கு முதல் பந்தி, தலைநகருக்கு மூன்று வருஷம் கழித்து இரண்டாம் பந்தி. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழர்கள் வெட்டிய பாறையும், குடகில் பிறந்த ஆறு விழுந்த விசையும் சந்தித்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, தண்ணீர் சுமக்கிற கிழவியிடம் தொண்ணூறு டிகிரி பேசியிருக்கிறேன். 2001-ல் சுரங்கம் மூடப்பட்டபோது ஆயா இல்லை. இருந்திருந்தால் அன்றைக்கும் எனக்குக் குழம்பு கிடைத்திருக்காது.

மகளிடம் வருகிறேன். அவள் கேட்ட முதல் கேள்வியே என்னைச் சாய்த்தது. "பை நகரலைன்னா வேலை ஸீரோ, சரி. அப்போ கை ஏம்ப்பா வலிக்குது?" இந்தக் கேள்வி பெஞ்சின் மேல் நின்ற எனக்கு ஏன் தோன்றவில்லை என்று யோசித்துக்கொண்டே, வாய் தானாகப் பதில் சொல்லிவிட்டது: "கையைத் தூக்கினா ரத்தம் கீழே இறங்கிடும்மா. அதான்." அவள் மரியாதைக்காகத் தலையாட்டினாள். பிறகு சாப்பாட்டு மேஜையில் அம்மாவிடம் சரியான பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் தட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டேன்.

மேஜை ஒரு பையைத் தாங்கிக்கொண்டு நூறு வருஷம் நிற்கும், அதற்கு ஒரு பருக்கைகூட வேண்டாம். தசை அப்படி இல்லை. அதற்குள் இருக்கும் நுண்ணிய புரத இழைகள் ஒன்றையொன்று பற்றி இழுப்பதும் விடுவதும் மறுபடி பற்றுவதுமாக ஓயாமல் இயங்கிக்கொண்டே இருந்தால்தான் கை அந்த உயரத்தில் நிற்கும். ஒவ்வொரு பிடிக்கும் உணவிலிருந்து வந்த ஆற்றல் செலவாகிறது. வெளியே பை ஒரு மில்லிமீட்டர்கூட நகரவில்லை, உள்ளே கோடிக்கணக்கான இழுபறி, அத்தனையும் கடைசியில் சூடாகப் போய்விடுகிறது. வாத்தியார் சொன்ன பூஜ்யம் சரிதான், அது பைக்கு நான் செய்த வேலை. என் உடம்பு செலவழித்த கணக்கு வேறு ஏட்டில் இருந்தது. ஆயா கேட்டதும் அந்த ஏட்டைத்தான்.

அடுத்து, வண்டியின் வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் எத்தனை மடங்காகும் என்று கேட்டாள். "இரண்டு மடங்கு" என்றேன், இதில் என்ன சந்தேகம் என்கிற குரலில். நான்கு மடங்கு. அப்புறம் தேடிப் படித்ததில் ஒரு ஆறுதல் கிடைத்தது: ஐரோப்பாவின் பெரிய மூளைகள் இதே விஷயத்தில் பல பத்தாண்டுகள் சண்டை போட்டிருக்கின்றன. வேகத்தையா, வேகத்தின் வர்க்கத்தையா எதைக் கணக்கில் எடுப்பது என்று நியூட்டன் கட்சியும் லைப்னிட்ஸ் கட்சியும் மோதிக்கொண்டன. ஹாலந்தில் ஸ்க்ராவசான்டே என்பவர் 1720-களில் பித்தளைக் குண்டுகளை வெவ்வேறு உயரத்திலிருந்து களிமண்ணில் போட்டுப் பார்த்தார். இரண்டு மடங்கு வேகத்தில் விழுந்த குண்டு நான்கு மடங்கு பள்ளம் செய்தது. எமிலி து ஷாத்லே என்ற பிரெஞ்சுப் பெண்மணி அந்தச் சோதனையின் பொருளைத் தெளிவாக எடுத்து எழுதினார். நியூட்டனின் நூலைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தவரும் அவர்தான். இதையெல்லாம் மகளிடம் சொல்லி, "பார், எப்பேர்ப்பட்டவர்களுக்கும் இது புரியாமல் இருந்திருக்கிறது" என்றேன். "அவங்களுக்கு டெக்ஸ்ட் புக் இல்லப்பா" என்றாள். சில்க் போர்டு நெரிசலில் தினமும் வண்டி ஓட்டுகிறவனுக்கு வேகத்தை இரட்டிப்பாக்கிப் பார்க்கும் வாய்ப்பே இல்லை என்று வாதாடினேன். ஏற்கவில்லை.

விட்ட மானத்தைச் செயலில் பிடிக்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நந்தி மலைக்குக் கூட்டிப் போனேன். படிப்பாதையில் நடந்தே ஏறுவது, ஏறியதும் செய்த வேலையைக் கணக்கிடுவது என்று திட்டம். நந்தி உச்சி கடல் மட்டத்திலிருந்து 1,478 மீட்டர். நமக்குப் பெருமை சேர்கிற மாதிரி ஏற்றத்தைத் தாராளமாக 500 மீட்டர் என்று வைத்துக்கொண்டேன். பாதி வழியில் எனக்குக் கண்ணைக் கட்டியது. மகள் எனக்கு முன்னாலேயே போய்ப் பாறை மேல் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்துவிட்டாள். என் எடை 80 கிலோ. 80 பெருக்கல் 9.8 பெருக்கல் 500: 3,92,000 ஜூல். "சும்மாவா!" என்றேன் மூச்சு வாங்கிக்கொண்டே. லட்சக்கணக்கு என்றால் ஒரு கம்பீரம் இருக்கிறதே.

அவள் அதோடு விட்டிருக்கலாம். ஒரு யூனிட் மின்சாரம் 36 லட்சம் ஜூல். ஆக நான் நாக்குத் தள்ள ஏறிய மலை, ஒரு யூனிட்டில் ஒன்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. யூனிட்டுக்கு 6 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 65 பைசா. "அதுவும் நமக்குக் கிருஹ ஜோதியில ஃப்ரீப்பா" என்றாள். கர்நாடக அரசு 2023 முதல் வீடுகளுக்கு மாதம் 200 யூனிட் வரை இலவசமாகக் கொடுக்கிறது. ஆக அந்த 65 பைசாவும் கைக்கு வராது.

எடை குறைந்திருக்கும் என்ற நம்பிக்கையும் அதே பக்கத்தில் செத்தது. 3,92,000 ஜூல் என்பது 94 கிலோ கலோரி. தசை, சாப்பாட்டிலிருந்து எடுக்கும் ஆற்றலில் நாலில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும், மீதி வியர்வையும் சூடும். அதனால் உடம்பின் செலவு சுமார் 375 கிலோ கலோரி. வெண்ணெய் போட்ட மசால் தோசை ஒன்று அதைச் சத்தமில்லாமல் ஈடுகட்டிவிடும். இறங்கி வந்த வழியில் நான் ஒன்றோடு நிறுத்தவில்லை என்பதை இங்கே எழுதியிருப்பது என் மனைவிக்குத் தெரிய வேண்டாம்.

இந்த மாதிரி மனிதனிடம்தான் எங்கள் அபார்ட்மென்ட்டின் தண்ணீர்ப் பொறுப்பை ஒப்படைத்தார்கள். 2024 மார்ச்சில் நகரமே தண்ணீருக்குத் தவித்தது. போர்வெல்கள் வற்றின. டேங்கர் லாரிக்குப் போன் போட்டுப் போட்டு விரல் தேய்ந்தது. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது, குழாய்களில் நீரைச் சிக்கனமாக்கும் ஏரேட்டர் மாட்டச் சொன்னது. எங்கள் சங்கக் கூட்டத்தில், மோட்டார் கரண்ட் பில் அதிகமாக வருகிறதே என்று ஒரு மேடம் கேட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "இது சிம்பிள் பிஸிக்ஸ்" என்றேன். அடுத்த நிமிஷம் நான் வாட்டர் கமிட்டி.

அன்றிரவே கணக்குப் போட்டேன். சம்ப்பிலிருந்து மொட்டை மாடி டேங்க் வரை 18 மீட்டர் உயரம். நாளொன்றுக்கு 10,000 லிட்டர். 10,000 பெருக்கல் 9.8 பெருக்கல் 18: 17,64,000 ஜூல். அதாவது அரை யூனிட்! மூன்று ரூபாய்! ஆனால் மோட்டாரின் தனி மீட்டரோ தினமும் மூன்று யூனிட் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டரை யூனிட் எங்கே போகிறது? ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது என்பது விதி. அழியவில்லை என்றால் யாரோ எடுக்கிறார்கள். நியூட்டனும் ஷெர்லாக் ஹோம்ஸும் ஒரே உடம்பில் கூடு பாய்ந்த மாதிரி இருந்தது எனக்கு.

துப்பு துலக்கினேன். மோட்டார் ரூமிலிருந்து ஏதாவது வயர் வெளியே போகிறதா என்று டார்ச் அடித்துத் தேடினேன். வாட்ச்மேன் ரூமில் எத்தனை பல்பு, எத்தனை சார்ஜர் என்று பேச்சுவாக்கில் விசாரித்தேன். அவர் பாவம், டீ போட்டுக் கொடுத்தார், நானும் குடித்தேன். பக்கத்து மனையில் வீடு கட்டுகிறவர்கள் மேல் கொஞ்ச நாள் சந்தேகம் இருந்தது. கடைசியில் அவசரப் பொதுக்குழுவைக் கூட்டச் சொல்லி, ஒயிட் போர்டில் சூத்திரம் எழுதி, 'மின்சாரம் திருடப்படுகிறது' என்று அறிவித்தேன். மோட்டார் ரூமுக்கு கேமரா வைக்கத் தீர்மானம். அன்று வந்த காபி, பஜ்ஜிச் செலவு, திருட்டுப் போனதாக நான் சொன்ன மின்சாரத்தின் ஒரு மாத விலையை விட அதிகம் என்று பொருளாளர் பிறகு சொன்னார். கணக்கு அவருக்கும் வரும் போலிருக்கிறது.

கேமரா மாட்டும் முன்பு ஒரு தடவை பிளம்பரைக் காட்டிவிடலாம் என்று யாரோ நல்ல மனசுக்காரர் சொன்னார். கிருஷ்ணகிரி பக்கத்துக்காரர் வந்தார். மோட்டாரைப் போட்டுவிட்டுக் குழாய் மேல் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். "கேட் வால்வ முக்கால்வாசி யார் சார் மூடி வெச்சது?"

யாரும் பேசவில்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது. காலையில் மோட்டார் போட்டால் குழாய் அதிர்ந்து, எங்கள் பெட்ரூம் சுவர் வழியாக உறுமும். கமிட்டிப் பதவி எல்லாம் வருவதற்கு மாதங்கள் முன்பே, சத்தம் குறையட்டும் என்று அந்த வால்வை யாருக்கும் தெரியாமல் திருகி வைத்தது நான்தான். சத்தம் குறைந்தது. தண்ணீரும் குறைந்தது. டேங்க் நிரம்ப மோட்டார் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டியதாயிற்று. பாதையை நெருக்கினால் நீர் அந்தச் சந்தில் திமிறிச் சுழன்று தன் ஆற்றலைச் சூடாக இழக்கும். மோட்டாரோ தண்ணீர் குறைவாகப் போகிறதே என்று கரண்ட்டை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்வதில்லை. ஆற்றல் அழியவில்லை, யாரும் திருடவும் இல்லை. குழாயில் போகும் தண்ணீரைக் கண்ணுக்குத் தெரியாத அளவு வெதுவெதுப்பாக்கிக்கொண்டிருந்தது. பிளம்பர் வால்வைத் திறந்ததும் மீட்டர் நாளுக்கு ஒன்றேகால் யூனிட்டுக்கு இறங்கியது. நான் சொன்ன அரை யூனிட்டுக்கு அது என்றுமே வராது. இந்த மாதிரிச் சின்ன பம்புகள், வாங்கும் மின்சாரத்தில் பாதியைத் தண்ணீருக்குக் கொடுத்தாலே பெரிது.

"பைப்ப தொட்டுப் பாத்தாலே தெரியும் சார்" என்றார் பிளம்பர். ஒயிட் போர்டில் சூத்திரம் இன்னும் அழியாமல் இருந்தது. வாட்ச்மேனுக்கு நான் என்னென்னவோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். அவர் அதற்கும் டீ போட்டார்.

சூடு என்றதும் இன்னொன்று. மான்செஸ்டர் பக்கத்து மதுபான ஆலைக் குடும்பத்துப் பிள்ளையான ஜூல், 1847-ல் தேனிலவுக்கு ஆல்ப்ஸ் மலைப் பக்கம் போன இடத்தில் தெர்மாமீட்டரும் கையுமாக அருவியின் மேலும் கீழும் வெப்பநிலை அளக்க அலைந்தார் என்று, அவரை வழியில் சந்தித்த வில்லியம் தாம்சன் (பின்னால் கெல்வின் பிரபு ஆனவர்) பிற்காலத்தில் சொன்னதுண்டு. தெர்மாமீட்டர் பகுதி கெல்வினின் கைச்சரக்காக இருக்கலாம் என்பவர்களும் உண்டு. கதை கிடக்கட்டும், கணக்கு சரி: 100 மீட்டர் விழும் தண்ணீர், அந்த ஆற்றல் அத்தனையும் சூடானால், கால் டிகிரிக்குச் சற்றுக் குறைவாக வெதுவெதுப்பாகும். கமிட்டி விவகாரத்துக்குப் பிறகு வீட்டில் என் மதிப்பை மீட்க, குடும்பத்தோடு சிவனசமுத்திரம் போனேன். ககனசுக்கி அருவி ஏறத்தாழ அந்த உயரம்தான். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய டிஜிட்டல் தெர்மாமீட்டர் பாக்கெட்டில். நாங்கள் போனது ஏப்ரல். அருவி இருந்த இடத்தில் வெயிலில் காய்ந்த பாறை. மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் ஆற்றில் வருகிற தண்ணீரே கொஞ்சம், அதையும் மின்நிலையத்துக்குத் திருப்பிவிடுவார்கள் என்று அங்கே இளநீர் விற்றவர் சொன்னார். தண்ணீர் இருந்திருந்தாலும் காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் 32 டிகிரிக்குக் கீழே 'லோ' என்றுதான் காட்டும் என்பதை மகள் அட்டைப்பெட்டியைப் படித்துச் சொன்னாள். மனைவி இளநீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஜூலின் மனைவி என்ன சொன்னார் என்று கெல்வின் எழுதவில்லையா என்று கேட்டாள்.

அந்தப் பயணத்தில் ஒன்றே ஒன்று உருப்படியாகக் கிடைத்தது. சிவனசமுத்திரம் பக்கத்திலிருந்துதான் பெங்களூருக்குக் காவிரித் தண்ணீர் கிளம்புகிறது. தொரேகாடனஹள்ளியில் சுத்திகரித்து, அங்கே ஒரு தூக்கு, ஹாரோஹள்ளியில் ஒரு தூக்கு, தாதகுணியில் ஒரு தூக்கு என்று மூன்று கட்டமாக 100 கிலோமீட்டர் தூரம் தள்ளி, மொத்தம் சுமார் 500 மீட்டர் உயரத்துக்கு ஏற்றுகிறார்கள். 1974-ல் தொடங்கிய ஏற்பாடு இது. ஐந்தாவது கட்டம் 2024 அக்டோபரில் வந்தது, நாளுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதல். பழைய 145 கோடி லிட்டரோடு சேர்த்தால் 222 கோடி லிட்டர். அத்தனையையும் அரை கிலோமீட்டர் தூக்க, இழப்பே இல்லாத பம்பு இருந்தால்கூடத் தினம் 30 லட்சம் யூனிட் வேண்டும். ஒரே இடத்தில் ஆறு கீழே விழுந்து கரண்ட் கொடுக்கிறது. அதே இடத்திலிருந்து அதே ஆற்றைக் கரண்ட் போட்டு மேலே தூக்குகிறோம். கோலாரில் ஆயா தலையில் வைத்து நடந்ததும் ஒரு குடம்தான், நான் குழாயைத் திறந்து பல் தேய்க்கும்போது ஓடவிடுவதும் ஒரு குடம்தான். என் குடத்தை மலை ஏற்றுகிறவர்களின் மின்சாரச் செலவு குடிநீர் வாரியத்தின் பெரிய தலைவலிகளில் ஒன்று.

500 மீட்டர் என்றதும் மகள் நோட்டைப் புரட்டினாள். நந்தி மலையில் நாங்கள் போட்டதும் அதே 500. 80 கிலோ நான், 80 லிட்டர் தண்ணீர், ஒரே வேலை. எங்கள் வீட்டுக் கழிப்பறையின் பழைய ஃபிளஷ் டேங்க் ஒரு இழுப்புக்குப் பத்து லிட்டர். ஆக நான் கண் கட்டி, மூச்சு முட்டி, போட்டோ எடுத்து உறவினர் குழுவில் போட்டு வாழ்த்துகள் வாங்கிய அந்த ஏற்றம், எட்டு ஃபிளஷ். இப்போதெல்லாம் வீட்டில் யாராவது இரண்டு தடவை இழுத்தால் "அப்பா கால் நந்தி ஏறிட்டார்" என்கிறார்கள்.

தண்ணீர்ப் பொறுப்பிலிருந்து என்னை விடுவித்த சங்கம், மனம் நோகக் கூடாதென்று லிஃப்ட் பொறுப்பைக் கொடுத்தது. இதில் தப்பு செய்ய வழியே இல்லை என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். நான் படித்துப் பார்த்தேன். லிஃப்ட் பெட்டிக்கு எதிர்ப்பக்கம் ஒரு எடைப்பாளம் தொங்குகிறது. பெட்டியின் எடையோடு, முழுக் கூட்டத்தின் எடையில் கிட்டத்தட்ட பாதியும் சேர்ந்த எடை அதற்கு. அதனால் ஒரே ஒரு ஆள் மேலே போகும்போது மறுபக்கம்தான் கனம், அது இறங்கி நம்மை ஏற்றிவிடும், மோட்டாருக்கு வேலை இல்லை. நிறைய பேர் சேர்ந்து கீழே வந்தால் பெட்டி கனம், அப்போதும் மோட்டாருக்கு வேலை இல்லை. அடடா! இதைத் தெரியாமல் ஊரே கரண்ட்டை வீணடிக்கிறதே என்று பதறி, கம்ப்யூட்டரில் அழகாக அடித்து லிஃப்ட்டுக்குள் ஒட்டினேன்: 'மின்சாரம் சேமிப்போம். மேலே செல்லும்போது ஒவ்வொருவராகச் செல்லவும். கீழே வரும்போது கூட்டமாக வரவும்.'

இரண்டு நாள் பெருமையாக இருந்தது. தரைத்தளத்தில் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளும் காய்கறிப் பையோடு பெண்களும் வரிசையில் நின்று ஒவ்வொருவராக மேலே போனார்கள். மூன்றாம் நாள் காலை, என் தாளின் அடியில், நாலாம் மாடியில் இருக்கும் ஹெச்.ஏ.எல். ஓய்வுபெற்ற பெரியவரின் கையெழுத்தில், சிவப்பு மையில், கன்னடத்தில் ஒரு வரி இருந்தது: "காலி லிஃப்ட் கெளகே யாரு தருத்தாரே?" காலி லிஃப்ட்டை மறுபடி கீழே கொண்டுவருவது யார்? கீழே வரும் ஒவ்வொரு காலிப் பெட்டிக்கும் அந்த எடைப்பாளத்தை மோட்டார் மேலே தூக்கியாக வேண்டுமே. அதற்கும் கீழே இன்னொரு கையெழுத்து, பென்சிலில், எனக்கு நன்றாகப் பழக்கமான எழுத்து: "சாரி அங்கிள், அப்பாவுக்கு இன்னும் அந்த சாப்டர் முடியலை."